சிறிய சுருட்டு என்றால் பாதிப்பும் சிறியதா?

பெரிய சுருட்டின் குட்டி வடிவம்தான் சிறிய சுருட்டா, அதில் தீங்கும் குறைவா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு 'ஓரளவு', இரண்டாவதற்கு 'இல்லை'.

கையால் சுருட்டிய பெரிய சுருட்டைக் குறுக்கே வெட்டினால் மூன்று அடுக்குகள் தெரியும்: உள்ளே நீளவாக்கில் மடித்த இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஓர் இலை, மேலே வழவழப்பான போர்வை இலை. சிறியதைப் பிரித்தால் பெரும்பாலும் நறுக்கிய துணுக்குகள்தான் உதிரும். மேலுறைகூடப் பல ரகங்களில் இலை அல்ல, புகையிலைக் கூழைத் தாளாக்கிய சரக்கு. பில்டர் வைத்த மிகச் சிறிய ரகம், என் கண்ணுக்குப் பழுப்புச் சட்டை போட்ட சிகரெட்.

சிகரெட்டில் 1 கிராமுக்கும் குறைவான புகையிலை, சிறிய சுருட்டில் ஏறத்தாழ 3 கிராம், பெரியதில் 5 கிராமுக்கு மேல். பெரியது ஒரு மணி நேரம்கூடப் புகையும்; சிறியது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த வசதிதான் வம்பு. சிகரெட் பழகியவர் அதையும் நுரையீரல்வரை இழுத்துவிடுகிறார். இழுக்காவிட்டாலும் சுருட்டுப் புகைக்குக் காரத்தன்மை (அமிலத்துக்கு எதிரான குணம்) அதிகம் என்பதால் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் சேரும். வாய், தொண்டைப் புற்றுநோய் அபாயம் பெரியது, சிறியது இரண்டிலும் உண்டு.

சிங்கப்பூர்ச் சட்டமும் அளவு பார்ப்பதில்லை. 21 வயது நிரம்பாதவருக்கு இரண்டையும் விற்கக் கூடாது. மலேசியாவின் ஜொகூரிலிருந்து திரும்பும்போது பையில் ஒரே ஒரு சுருட்டு இருந்தாலும் சுங்கத்தில் சொல்லி வரி கட்டியாக வேண்டும்.