டிரம்மில் சுட்ட கரி சாயத்தை ஏன் உறிஞ்சவில்லை?

கேள்வி: சென்னிமலைப் பக்கம் சின்னதாக நூல் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். காங்கயத்தில் தேங்காய்த் தொட்டி வாங்கி டிரம்மில் சுட்டு, அந்தக் கரியில் சாயத் தண்ணீரை வடித்துப் பார்த்தேன். நிறம் குறையவே இல்லை. எங்கே தவறு?

பதில்: பாதி வேலையில் நிறுத்திவிட்டீர்கள். டிரம்மில் கிடைத்தது வெறும் கரி; அதன் துளைகளைத் தார் அடைத்திருக்கும். அதை 800 முதல் 950 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து நீராவி பாய்ச்ச வேண்டும். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து நுண்துளைகளைத் திறந்துவிடும். அப்படித் திறந்த ஒரு கிராம் கரிக்குள் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் கணக்கில் 25 சென்ட் நிலம்! சாயம் ஒட்டுவது அந்தப் பரப்பில்தான்.

ஆனாலும் தொட்டிக்கரி உங்களுக்குத் தோதுப்படாது என்பேன். அதன் துளைகளில் பெரும்பாலானவை 2 நானோமீட்டரைவிடக் குறுகல். பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறு பெரியது, உள்ளே நுழையத் திணறும். ஆய்வுக்கூடங்களில் பெரும்பாலும் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்துச் சோதிக்கிறார்கள். அது சிறியது, நேர்மின் கொண்டது. உங்கள் சாயமோ எதிர்மின். அந்த முடிவுகளை நம்பிப் பணம் போடாதீர்கள்.

பருத்திமாரை, அதாவது காய்ந்த பருத்திச் செடித் தண்டை, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து 500 டிகிரியை ஒட்டிச் சுட்டால் அகலமான துளைகள் கிடைக்கும். உமி வேண்டாம், ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகவே நிற்கும். ஆனால் அமிலப் புகையும் கழுவிய தண்ணீரும் பட்டறையில் சமாளிக்கக்கூடியவை அல்ல. தயாரான கரியாகவே வாங்குங்கள். விற்பவர் அயோடின் எண்ணைச் சொல்வார். அது குறுந்துளைக்கான அளவு. அகலத் துளைக்கான அளவு மொலாசஸ் எண், அதைக் கேளுங்கள்.

முதலில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரளவிட்டு வண்டலை இறக்குங்கள். சோடா போட்ட தண்ணீரின் பி.எச்., அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 10-க்கு மேல் நிற்கும். அந்த நிலையில் கரியே சாயத்தைத் தள்ளிவிடும். 6-க்குக் கொண்டுவந்த பிறகே கரி. நான்கு பாட்டில்களில் ஒவ்வொரு லிட்டர் எடுத்து 1, 2, 4, 8 கிராம் போட்டு இரண்டு மணி நேரம் கலக்கி வடித்தால் உங்களுக்கான அளவு தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சாயமேற்றப் போட்ட உப்பைக் கரி பிடிக்காது. உங்களுக்குப் பக்கத்து ஒரத்துப்பாளையம் அணையைப் பாழாக்கியதில் சாய நிறத்தைவிட உப்புக்கே பங்கு அதிகம். தண்ணீர் தெளிந்துவிட்டதென்று தோட்டத்துக்குப் பாய்ச்சாதீர்கள். அதை வெளியே விடவே கூடாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சாயம் குடித்த கரியையும் வயலில் கொட்டாதீர்கள்.