லேடி மேரி மாண்டேகு: பிறப்பும் பார்வையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பயண எழுத்தைப் பற்றிய தங்கள் கட்டுரையில் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் லேடி மேரி வொர்ட்லி மாண்டேகுவை முதல் வரிசையில் வைத்திருந்தீர்கள். அவருடைய துருக்கிக் கடிதங்களைத் தேடிப் படித்தேன். பிரபுவின் மகள், தூதரின் மனைவி என்ற எண்ணத்தைக் கடந்து என்னால் அவற்றுக்குள் போக முடியவில்லை. வண்டிகளும் காவலர்களும் சூழப் போனவரின் எழுத்தை, கால்நடையாக அலைந்தவர்களின் எழுத்தோடு எப்படிச் சேர்க்கிறீர்கள்? கீழை நாடுகளைப் பற்றி ஐரோப்பியர் எழுதியதை ஐயத்தோடு படிக்க வேண்டும் என்று சொன்னவரும் நீங்கள்தான். இவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

ச., தஞ்சாவூர்

அன்புள்ள ச.,

விலக்கு எதுவும் தர வேண்டியதில்லை. அவருக்குக் கதவுகளைத் திறந்துவிட்டவை பிறப்பும் கணவரின் பதவியும்தான். 1716இல் எட்வர்ட் வொர்ட்லி மாண்டேகு ஒட்டோமான் (துருக்கிப் பேரரசின்) அரசவைக்கான பிரிட்டிஷ் தூதராக நியமிக்கப்படாமல் இருந்திருந்தால் நாம் இன்று அவருடைய மனைவியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பிறப்பு அவருக்கு என்னவாக இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். பின்னாளில் கிங்ஸ்டன் டியூக் ஆன தந்தையின் நூலகத்தில் அவர் தாமாகவே லத்தீன் கற்றார். தந்தை பேசி முடித்த வரனை மறுத்து, 1712இல் வொர்ட்லியோடு வீட்டைவிட்டுப் போய்த் திருமணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய தம்பி பெரியம்மையில் இறந்தார். 1715 டிசம்பரில் அதே நோய் அவரையும் பிடித்தது. உயிர் பிழைத்தாலும் முகத்தில் தழும்புகள் நிலைத்தன, கண்ணிமை மயிர் உதிர்ந்துபோனது. அடுத்த கோடையில் பயணம் புறப்பட்டபோது அவருக்கு வயது 27.

அன்று ஒட்டோமான் ஆட்சியில் இருந்த சோபியா நகரின் பெண்கள் பொதுக் குளியல் கூடத்தைப் பற்றிய கடிதத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். ஏறத்தாழ 200 பெண்கள் ஆடையின்றி அமர்ந்து காப்பி அருந்தியபடி பேசிக்கொண்டிருக்கும் கூடத்துக்குள் அவர் தம் பயண உடையோடு நுழைகிறார். யாரும் ஏளனமாகச் சிரிக்கவில்லை, தங்களுக்குள் கிசுகிசுக்கவில்லை என்பதை வியந்து குறிப்பிட்டு, ஐரோப்பிய அரசவை எதிலும் ஓர் அயல்நாட்டுப் பெண்ணை இவ்வளவு பண்போடு வரவேற்றிருக்க மாட்டார்கள் என்கிறார். ஆடையைக் களையும்படி அவர்கள் வற்புறுத்தியபோது, சட்டையைத் திறந்து உள்ளே அணிந்திருந்த, உடலை இறுக்கிப் பிடிக்கும் உள்ளாடையான கார்செட்டைக் காட்டுகிறார். தாமே கழற்ற முடியாதபடி கணவர் அவரை அந்தக் கருவிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்று அந்தப் பெண்கள் எண்ணிக்கொள்கிறார்கள். துருக்கியப் பெண்கள் அடிமைகள் என்று எழுதிக்கொண்டிருந்த ஐரோப்பிய ஆண்கள் ஒருவரும் இந்தக் கூடத்துக்குள் நுழைந்ததில்லை. உள்ளே போனவர், தாம் பார்த்ததோடு தம்மைப் பார்த்தவர்களுக்கு என்ன தோன்றியது என்பதையும் எழுதினார். நான் அவரை முதல் வரிசையில் வைத்ததற்கு முதற்காரணம் இந்தப் பக்கங்கள்.

உங்கள் ஐயத்துக்கு இடமான பகுதி வேறொன்று. 1718இல் திரும்பி வரும் வழியில், டூனிஸ் அருகே கார்த்தேஜ் இடிபாடுகளில் அவரைப் பார்க்க வந்து கூடிய ஏழைப் பெண்களைக் குரங்கினத்தோடு ஒப்பிட்டு அவர் எழுதியிருக்கிறார். அந்த வரிகளுக்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. சோபியாவில் அவர் கண்டவர்கள் சீமாட்டிகள். எட்ரியனோபிளில் (இன்றைய எடிர்னே) அவர் நெகிழ்ந்து வருணித்த பாத்திமா ஓர் உயர் அதிகாரியின் மனைவி. ஒட்டோமான் நாட்டு அடிமைகளின் நிலை வேலைக்காரர்களின் நிலையைவிட மோசமில்லை என்று அவரால் எளிதாக எழுதிவிட முடிந்ததற்கும் இதுவே காரணம். அவருடைய பார்வை மதத்தையும் மொழியையும் தடையில்லாமல் தாண்டுகிறது, தம்மினும் தாழ்ந்த நிலையினர் எதிரே வரும்போது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நீங்கள் உணர்ந்த குறை இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓரிடத்தில் அந்த எல்லையை அவர் கடந்தார். 1717 ஏப்ரல் முதல் நாள் என்று தேதியிட்டு சாரா சிஸ்வெல் என்ற தோழிக்கு எழுதிய கடிதத்தில், பெரியம்மையைத் தடுக்கத் துருக்கியில் வழங்கிய அம்மை குத்தும் முறையை விவரிக்கிறார். வெயில் தணிந்த செப்டம்பரில் பதினைந்து பதினாறு பேர் ஒன்றுகூட, ஒரு கிழவி கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவருவாள். பெரிய ஊசியால் இரத்த நாளத்தைக் கீறி, ஊசித்தலையில் நிற்குமளவு சீழை உள்ளே வைத்துக் கட்டிவிடுவாள். எட்டாம் நாள் காய்ச்சல் வரும், இரண்டு நாள், அரிதாக மூன்று நாள் படுக்கை, பிறகு முழு நலம். இதே முறையைப் பற்றி மருத்துவர்கள் எழுதிய குறிப்புகள் லண்டன் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் இதழில் முன்பே வெளிவந்திருந்தும் யாரும் செயலில் இறங்கவில்லை. படிப்பறியாத கிழவிகளின் கையில் இருந்த அறிவை, முகத்தில் தழும்பு சுமந்த இந்தப் பெண் நம்பினார். 1718 மார்ச்சில் தூதரக மருத்துவர் சார்ல்ஸ் மெயிட்லண்டின் முன்னிலையில் ஒரு கிரேக்கக் கிழவியைக் கொண்டு தம் மகனுக்கு அம்மை குத்தச் செய்தார். 1721இல் லண்டனில் பெரியம்மை பரவியபோது, மகளுக்கு மெயிட்லண்டைக் கொண்டே குத்தச் செய்து, அரசவை மருத்துவர்களை வந்து பார்க்க வைத்தார். அடுத்த ஆண்டு வேல்ஸ் இளவரசி கேரொலைன் தம் மகள்களில் இருவருக்குக் குத்தச் சம்மதித்தார். அந்த முறையிலும் ஐம்பதில் ஒருவர் வரை இறந்தார்கள். தானாக வரும் பெரியம்மையிலோ ஆறேழு பேரில் ஒருவர் இறந்துகொண்டிருந்தார். பாதுகாப்பான முறையான எட்வர்ட் ஜென்னரின் பெரியம்மைத் தடுப்பூசி வர இன்னும் 75 ஆண்டுகள் இருந்தன. கடிதத்தைப் பெற்ற சாரா சிஸ்வெல்லே 1726இல் பெரியம்மையில் இறந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

கதவைத் திறந்த பிறப்பு அவர் வாயை அடைக்கவும் செய்தது. பிரபு குலத்துப் பெண் தன் பெயரில் அச்சேறுவது இழுக்கு. ஆகவே அம்மை குத்துதலை ஆதரித்து 1722இல் பத்திரிகையில் எழுதிய கட்டுரையைத் துருக்கியோடு வணிகம் செய்பவர் ஒருவர் எழுதியதாக வெளியிட்டார். துருக்கிக் கடிதங்களைப் பயணக் குறிப்புகளிலிருந்தும் அனுப்பிய கடிதங்களிலிருந்தும் நூலாகத் தொகுத்து வைத்திருந்தும் வாழ்நாளில் அச்சிடவில்லை. 1761இல் இத்தாலியிலிருந்து ஊர் திரும்பும் வழியில், ரோட்டர்டாமில் பெஞ்சமின் சோடன் என்ற மதகுருவிடம் கைப்பிரதியை ஒப்படைத்தார். அடுத்த ஆகஸ்டில் இறந்தார். 1763இல் குடும்பத்தின் விருப்பத்தை மீறி அது நூலாக வந்தது. அவருடைய நாட்குறிப்பை மகளே பின்னாளில் எரித்துவிட்டார்.

நீங்கள் மீண்டும் படிப்பதாக இருந்தால் துருக்கிக் கடிதங்களோடு நிறுத்திவிடாதீர்கள். லொவேரே என்ற இத்தாலியச் சிற்றூரிலிருந்து அவர் முதுமையில் மகளுக்கு எழுதியவற்றைப் படியுங்கள், குறிப்பாக 1753 ஜனவரியில் பேத்தியின் கல்வி பற்றி எழுதியதை. பெண் நிறையக் கற்க வேண்டும் என்று வலியுறுத்திவிட்டு, கற்றதை உடற்குறையை மறைப்பதுபோல் அக்கறையோடு மறைத்துக்கொள்ள வேண்டும் என்று அதே கடிதத்தில் அறிவுரை சொல்கிறார். வண்டியும் காவலர்களும் உடன் வந்த அந்த வாழ்க்கையில் அவர் எதை விலையாகக் கொடுத்தார் என்பது எனக்கு அங்கேதான் தெளிவானது. அதைப் படித்த பிறகும் உங்கள் கருத்து மாறவில்லையென்றால், அவசியம் மீண்டும் எழுதுங்கள்.