ஹாட் வீல்ஸ் பொம்மைக் காரை வாங்கி அதிக விலைக்கு விற்பது தவறா?

விற்பதில் தவறில்லை, வாங்கும் விதத்தில்தான் சிக்கல். 2007-இல் வந்த, அரிதாகவே கிடைக்கும் 'சூப்பர் ட்ரெஷர் ஹன்ட்' கார் வரிசைக்கு மினுமினுக்கும் பெயின்ட், ரப்பர் டயர்தான் அடையாளம். கார் பொதிந்த நூறு அட்டைகளுக்கு நடுவே அதைக் கண்டுபிடித்து, வருஷக்கணக்கில் அட்டை மடங்காமல் காப்பாற்றி விற்பவர் தன் மெனக்கெடலுக்குக் கூலி கேட்கிறார். கேட்கட்டும்.

ஆனால் கடைப் பையன் கையில் நூறு ரூபாயைத் திணித்து, பெட்டி பிரிக்கும் முன்பே மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியாது. ஒருமுறை நான் போனபோது கொக்கியில் மிச்சமிருந்தது ஒரே மாதிரி இரண்டு வேன்கள். பக்கத்தில் ஒரு பொடியன், அப்பாவின் சட்டையைப் பிடித்தபடி.

கடைக்காரரே எம்.ஆர்.பி.க்கு மேல் விற்றாலோ, இந்தியாவில் அது சட்டப்படியே குற்றம்.