குவைத்தில் நாடாளுமன்றம் இருக்கிறதா, இல்லையா?

குவைத் பற்றிய கல்லூரிக் கட்டுரைக்காகப் படிக்கும்போது, புத்தகத்தில் 'தேர்தல் நடக்கும் நாடு' என்றும் செய்தியில் 'நாடாளுமன்றம் இல்லை' என்றும் இருக்கிறதே, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரி, ஆண்டு போட்டு எழுதுங்கள்.

1962 அரசியலமைப்பின்படி மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் 50 பேர். அமைச்சர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்டவர்கள் அவர்கள். 2006-ல், உடல்நலம் குன்றியிருந்த அமீர் (நாட்டின் ஆட்சியாளர்) ஷேக் சாத்தை வாக்களித்துப் பதவியிலிருந்து விலக்கியதும் அந்த மன்றம்தான். வளைகுடாவில் இது சாதாரண விஷயமே இல்லை, கட்டாயம் சேருங்கள்.

அப்புறம், 2024 மே மாதம் அமீர் ஷேக் மிஷால் மன்றத்தைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நான்கு ஆண்டுகள் வரை நிறுத்திவைத்தார். 1976-லும் 1986-லும் இப்படி நடந்திருக்கிறது. இரண்டு முறையும் தேர்தல் திரும்பி வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

கட்சிகளுக்குச் சட்ட அங்கீகாரம் இல்லாத நாடு என்பதால் திவானியாவை விட்டுவிடாதீர்கள். வீட்டோடு சேர்ந்த கூடம், சுவரோரம் நீள இருக்கைகள், மாலையானால் டீயும் காபியும் அரட்டையும். தேர்தல் நடந்தபோது வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டுப் போனது அங்கேதான். பெண்களுக்கு வாக்குரிமை 2005-ல்தான் வந்தது. மக்கள்தொகையில் பெரும்பான்மையான வெளிநாட்டவருக்கு, நம் ஊர்க்காரர்கள் உட்பட, ஓட்டே கிடையாது. அதற்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.