வெள்ளம் வடிந்த பிறகு ரயில் பாதைக் கரை சரிவது ஏன்?

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஜல்லி எல்லாம் போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. கரையை இன்னும் உயர்த்திவிட்டால் போதாதா?

போதாது. சில இடங்களில் கெடுதலும் கூட. ரயில் கரை பாரம் தாங்கக் கட்டியது, தண்ணீரைத் தேக்கக் கட்டியதல்ல. ஆனால் வெள்ளத்துக்குக் குறுக்கே படுத்திருப்பதால் அணை வேலை அதன் தலையில் விழுகிறது. ஒரு பக்கம் நீர் ஏறி மேலே வழிந்தால் முதலில் போவது ஜல்லி. அதில் ஒட்டிப் பிடிக்க மண்ணே கிடையாது. அடுத்து, மறுபக்கச் சரிவில் வேகமெடுத்து இறங்கும் நீர் அடியிலிருந்து மேல்நோக்கி மண்ணை அரித்துக்கொண்டே வரும். சிலீப்பரோடு (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டை) கிளிப் போட்டு இறுக்கிய தண்டவாளம் மட்டும் மிஞ்சும். கரையை உயர்த்தினால் மேல்பக்க ஊர்களில் தண்ணீர் இன்னும் நிற்கும். உடைந்தால் இன்னும் வேகமாகப் பாயும். முதலில் கேட்க வேண்டியது பாலக் கண்கள் போதுமா, அவை தூர்ந்து கிடக்கின்றனவா என்பதைத்தான்.

வெள்ளத்தின்போது அசையாத கரை, தண்ணீர் இறங்கி இரண்டு நாள் கழித்துச் சரிந்தது. எப்படி?

ஆபத்தான நேரமே அதுதான். வெள்ளம் நிற்கும்வரை வெளியில் இருக்கும் நீரே சரிவை அணைத்துப் பிடிக்கிறது. அது ஒரே நாளில் 2, 3 மீட்டர் இறங்கிவிடும். களிமண் கரைக்குள் புகுந்த நீர் வடிய வாரக்கணக்கில் ஆகும். ஆக வெளித்தாங்கல் போய்விட்டது, உள்ளே நீரழுத்தம் அப்படியே இருக்கிறது. அந்த அழுத்தம் மண் துகள்கள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிப்பதைத் தளர்த்துகிறது, உராய்வு குறைகிறது. 2 மீட்டர் கிடைக்கு 1 மீட்டர் உயரம் என்ற வழக்கமான சரிவு, வறண்ட நாளில் தாராளமாக நிற்கும். நீர் ஊறிய கரிசல் கரைக்கு அதே சரிவு போதாமல் போகலாம். அதனால்தான் நீர் சட்டென்று இறங்கும் நிலையைத் தனியாகக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அறிகுறிகள்: ஜல்லி ஓரத்துக்கு வெளியே பாதைக்கு இணையாக ஓடும் நீள விரிசல், கரையடியில் மண் புடைப்பு, சாயும் மின்கம்பம். தண்டவாளம் தாழ்ந்த இடத்தில் ஜல்லியைக் கொட்டி நிரவிவிட்டுப் போவது பழைய கெட்ட வழக்கம். உச்சியில் பாரம் கூடுகிறது. ஜல்லி களிமண்ணுக்குள் அமிழ்ந்து, உள்ளே நீர் தேங்கும் குழியாகிறது. அடுத்த மழையில் தண்ணீர் நேரே அங்கேதான் போய் உட்காரும். வண்டி வேகத்தைக் குறைத்து, விரிசலைக் களிமண்ணால் அடைத்து மழை இறங்காமல் பார்க்க வேண்டும். பாரம் தேவைப்படுவது அடியில்: ஜியோடெக்ஸ்டைல் துணி (மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விடும் செயற்கைத் துணி) விரித்து அதன்மேல் கருங்கல் அடுக்கலாம்.

பாதையோரத் தடுப்புச் சுவரில் மண் வருகிறதென்று நீர்த்துளைகளை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். சரியா?

சுவரைத் தள்ளிவிட இதைவிடச் சுருக்கு வழி இல்லை. 4 மீட்டர் உயரச் சுவர், பின்னால் சாதாரண மணற்பாங்கான மண் என்று வையுங்கள். ஒரு மீட்டர் நீளத்துக்கு வறண்ட மண் தள்ளுவது சுமார் 5 டன். பின்னால் உச்சிவரை நீர் நின்றால் மொத்தம் 11 டன்னை நெருங்கும். அதில் நீர் மட்டுமே 8 டன். ரயிலின் பாரம் இதற்கு மேல்.

மண் வருவது துளையின் குற்றமல்ல, பின்னால் வடிகட்டி இல்லாத குற்றம். சுவருக்குப் பின்னால் 60 செ.மீ. கனத்துக்குக் கல் நிரப்பு வேண்டும், பெரிய கல் சுவர்ப்பக்கம், சிறிய கல் மண்பக்கம். கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே மணல் வடிகட்டி அல்லது ஜியோடெக்ஸ்டைல். மணல் என்றால் கண்ட மணல் ஆகாது: அதில் எடைப்படி 15 சதவீதம் எந்தத் துகள் அளவுக்குக் கீழே இருக்கிறதோ அந்த அளவு, காக்க வேண்டிய மண்ணில் 85 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ அதைப்போல் 4, 5 மடங்கைத் தாண்டக் கூடாது. துளைகள் இரு திசையிலும் 1 மீட்டருக்கு மிகாமல், மாற்றி மாற்றி, வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்து இருக்க வேண்டும்.

மழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். தெளிந்த நீர் சொட்டினால் நல்லது. கலங்கல் என்றால் உள்ளிருந்து மண் அரித்துப் போகிறது. சுவர் ஈரமாகவும் துளை வறண்டும் இருந்தால் அடைத்துக்கொண்டது என்று பொருள்.

கரைச் சரிவில் மரம் வைக்கலாமா?

புல் வையுங்கள், வெட்டிவேர் வையுங்கள். பெரிய மரம் வேண்டாம். காற்றில் ஆடும்போது மண்ணைத் தளர்த்தும். பட்டுப்போனால் மக்கிய வேரின் தடம் நீருக்குக் குழாயாகிவிடும். எலி வளையும் அதே ரகம்.

ஏரி உடைந்தால் ரயில்வே என்ன செய்ய முடியும்?

2005 அக்டோபர் 29 அன்று ஆந்திரத்தின் வலிகொண்டா அருகே (இன்று தெலங்கானா) நடந்தது இதுதான்: வெள்ளம் சிறு ரயில் பாலத்தை அடித்துப்போக, டெல்டா பயணிகள் ரயில் அதில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். உடைந்தால் பாதையைப் பாதிக்கக்கூடிய ஏரிகளுக்கு ரயில்வேயிடம் தனிப் பட்டியல் உண்டு. மழைக்காலத்துக்கு முன் மாநில நீர்வளத் துறையினரோடு சேர்ந்து கரை, மதகு, கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்) மூன்றையும் பார்க்க வேண்டும். உங்கள் ஊர் ஏரியின் கலிங்கு அடைபட்டிருந்தால், நீர்வளத் துறைக்குக் கொடுக்கும் மனுவின் நகலை அருகிலுள்ள ரயில்வே பகுதிப் பொறியாளருக்கும் கொடுங்கள்.