குளிரும் மலையில் வெயில் சுடுமா? தோல் டொக்டரிடம் கேளுங்கள்

மாசி, பங்குனி வந்தால் மலையில் மழை விட்டுவிடும். காலையில் பனி கொட்டும், பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும். இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை தோலைப் பற்றியே வந்திருக்கின்றன. பலர் ஒரே விஷயத்தைக் கேட்டிருப்பதால் நான்கை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன். வயது 34. இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கன்னத்தில் கறுப்புத் திட்டாக மங்கு விழுந்தது, இப்போது மூக்குவரை வந்துவிட்டது. இங்கே குளிர்தானே, வெயில் எப்படிப் பிடிக்கும்? டவுனில் ஒரு கடையில் வெள்ளையாக்கும் கிரீம் ஒன்று தந்தார்கள். ஒரு மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. பூசாமல் விட்டால் முன்னைவிடக் கறுக்கிறது, எரிகிறது. தொடர்ந்து பூசலாமா டொக்டர் அம்மா?

பதில்: வேண்டாம் தங்கச்சி. அந்தக் கிரீமை இன்றைக்கே நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில வாரங்களுக்கு முகம் சிவக்கலாம், எரியலாம், பரு வரலாம். அதற்குப் பயந்து மறுபடி கையில் எடுத்துவிடாமல், டப்பாவையும் எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரியின் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

முதலில் வெயிலைச் சொல்கிறேன். உடம்புக்கு உறைக்கும் சூடு வேறு, தோலைக் கறுக்க வைக்கும் கழியூதாக் கதிர் (புற ஊதாக் கதிர்) வேறு. அந்தக் கதிர் கண்ணுக்கும் தெரியாது, சூடாகவும் இருக்காது. ஆயிரம் மீற்றர் உயரத்துக்கு அது 10 முதல் 12 வீதம் கூடும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. அதனால் வானம் தெளிந்த நாளில் கொழும்பில் விழுவதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதிகமான கதிர் அங்கே விழும். காற்று குளிராக இருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. மெல்லிய மேகமும் அதை முழுக்கத் தடுக்காது. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நம் நாட்டுக்கு நேர் மேலே நிற்கும். சித்திரை வருஷப்பிறப்பு நாட்களில் மங்கு கறுத்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

"பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை வெயிலில் நிற்காதீர்கள்" என்று எழுதிவிடலாம். காலையில் ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போய் மலையில் பேர் போட்டவருக்கு அந்த அறிவுரையால் ஒரு பயனும் இல்லை. என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்தான். உங்களால் செய்யக்கூடியது இதுதான். தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால் நீட்டி, இரண்டு கன்னமும் மறையும்படி கட்டுங்கள். வெளுத்துச் சல்லடையாகிப்போன துணி உதவாது; நெருக்கமாக நெய்த, கடும் நிறத்துணி நன்றாகத் தடுக்கும். கூடையைத் தோளில் மாட்டுகிறவர் என்றால் அகல விளிம்புத் தொப்பியும் போடலாம். கயிறு நெற்றியில் இருந்தால் அடியில் மெத்தென்ற துணி வையுங்கள். அந்த உரசலும் தோலைக் கறுக்க வைக்கும். கையில் காசிருந்தால் எஸ்.பி.எஃப். (வெயில் காப்பு அளவு) 30 அல்லது அதற்கு மேலான சன்ஸ்கிரீனை, இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். மத்தியானம் கொழுந்து நிறுவைக்கு வரும்போது முகத்தைத் துடைத்து இன்னொரு தடவை. தோல் நிறச் சாயம் கலந்தது கிடைத்தால் மங்குக்கு அது இன்னும் நல்லது. குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை குடிக்கிறீர்களென்றால் குடும்பநல உத்தியோகத்தரிடம் மங்கைக் காட்டிக் கேளுங்கள். சிலருக்கு அதனாலும் மங்கு கூடும், வேறு முறைக்கு மாறலாம்.

இனி அந்த டப்பா. இப்படிப்பட்ட கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது, சிலவற்றில் கடுமையான ஸ்டிரோய்ட் இருக்கிறது. பாதரசம் தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும். அதனால்தான் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. ஆனால் அது தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூசிய கன்னத்தோடு பிள்ளையை அணைத்தால் பிள்ளைக்கும் போகும். கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் 2013இல் செய்த மினமாட்டா ஒப்பந்தம் பாதரசம் கலந்த அழகுப் பொருட்களையும் ஒழிக்கச் சொல்கிறது, அதில் நம் நாடும் இருக்கிறது. இருந்தும் சந்தையில் வருகிறது. தயாரித்தவர் பெயர், என்னென்ன கலந்தது என்ற விவரம் டப்பாவில் இல்லையென்றால் வாங்காதீர்கள். தங்கம், வெள்ளி நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் பாதரசம் இருக்கிறதென்று சந்தேகப்படுங்கள். ஸ்டிரோய்ட் இருந்தால் தோல் மெலிந்து சிவப்பு நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் "கறுப்பென்று மாமியார் வீட்டில் பேசுகிறார்கள்" என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து மனம் நொந்தது. மங்கு ஒரு தோல் பிரச்சினை, அதற்கு மருந்து தரலாம். உங்கள் நிறத்தில் ஒரு குறையும் கிடையாது, அதற்கு யாரும் மருந்து போட வேண்டியதும் இல்லை.

கேள்வி: பொகவந்தலாவைதான் என் ஊர். கொழும்பு புறக்கோட்டையில் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஆறு பேர் ஒரே அறையில் இருக்கிறோம். தொடையிடுக்கில் வட்டம் வட்டமாகப் படர்தாமரை, அரிப்பு தாங்கவில்லை. பாமசியில் தந்த டியூப்பைப் பூசினால் இரண்டு நாளில் அடங்கி, திரும்பப் பெரிதாக வருகிறது. பொங்கலுக்கு வீட்டுக்குப் போய் வந்த பிறகு அம்மாவுக்கும் வந்துவிட்டது.

பதில்: தம்பி, அந்த டியூப்பில் பெரும்பாலும் பங்கசு (பூஞ்சை) மருந்தோடு ஸ்டிரோய்ட்டும் கலந்திருக்கும். ஸ்டிரோய்ட் அரிப்பை அடக்கும், அதோடு தோலின் எதிர்ப்பையும் அடக்கிவிடும். பங்கசுக்கு அது விருந்து வைத்த மாதிரி. பெட்டியில் பீட்டாமெதசோன், குளோபீட்டசோல் என்ற பெயர்கள் இருந்தால் நிறுத்துங்கள். தனி குளோட்ரிமசோல் கிரீமை, வட்டத்துக்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளியும் சேர்த்து, காலை இரவு இரண்டு வேளையும் பூசுங்கள். அடையாளம் மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல் பூச வேண்டும். எல்லோரும் தவறுவது இந்த இரண்டு வாரத்தில்தான். இவ்வளவு காலம் இழுத்த படர்தாமரைக்கு மாத்திரையும் தேவைப்படலாம், அதை டொக்டர் பார்த்துத்தான் தர வேண்டும்.

துவாயும் சாரமும் ஒருவருடையதை இன்னொருவர் எடுக்காதீர்கள். இறுக்கமான டெனிமை வேலை முடிந்ததும் கழற்றி, குளித்து, இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். அறையில் அரிப்புள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் மருந்து போட வேண்டும். அம்மாவும் அப்படித்தான். மலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் கட்டும் படங்குக்குள் வியர்வையும் பனி ஈரமும் தேங்கி நிற்கும். வீட்டுக்கு வந்ததும் படங்கை விரித்துக் காயப்போடச் சொல்லுங்கள். ஈரப் பாவாடையை மாற்றாமல் அடுப்படியில் உட்காரக் கூடாது. வெயில் இல்லாத நாளில் உள்ளாடையை அடுப்புக்கு மேலே கொடிகட்டிக் காயவையுங்கள்.

கேள்வி: அப்புத்தளையிலிருந்து எழுதுகிறேன். எட்டு மாதக் குழந்தைக்கு கழுத்திலும் முதுகிலும் சிவப்புச் சிவப்பாகச் சிறு பரு. இந்தக் குளிரிலும் வேர்க்குருவா?

பதில்: ஆமாம் தங்கச்சி. காலைக் குளிருக்குப் போட்ட கம்பளிச் சட்டையும் தொப்பியும் மத்தியானம்வரை உடம்பிலேயே இருக்கும். தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலும் இதைக் கண்டிருக்கிறேன். வெயில் ஏறியதும் கழற்றி ஒரு பருத்திச் சட்டை போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டுங்கள். எண்ணெய் தேய்க்க வேண்டாம். பவுடரும் வேண்டாம், மூச்சில் போகும். காய்ச்சல் வந்தாலோ பருவில் சீழ் வைத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பதுளையிலிருந்து எழுதும் அப்பா நான். என் மகள் ஆறாம் வகுப்பு. கன்னத்தில் வெளிறிய திட்டு. வகுப்புப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மறுக்கிறார்களாம். ஒட்டுமா?

பதில்: அண்ணா, இந்த வயதுப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய, லேசாகச் செதில் உதிரும் திட்டு பெரும்பாலும் வறண்ட தோலால் வருவது, ஒட்டாது. சுற்றியுள்ள தோல் வெயிலில் கறுப்பதால் இந்த மாதங்களில் எடுப்பாகத் தெரியும். வாசனையில்லாத கிரீமோ வாசலினோ காலை மாலை பூசினால் சில மாதங்களில் நிறம் திரும்பும். நெஞ்சிலும் முதுகிலும் படரும் தேமலுக்கு வேறு மருந்து இருக்கிறது. அதுவும் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டுவதில்லை. வகுப்பு டீச்சரிடம் நேரில் போய் இதைச் சொல்லுங்கள், இந்தப் பதிலைக் காட்டினாலும் சரி.

ஒன்றை மட்டும் வீட்டில் பார்த்துவிடுங்கள். மகளைக் கண்ணை மூடச் சொல்லி, திட்டின் மேல் பஞ்சு நுனியால் மெல்லத் தொடுங்கள். எங்கே படுகிறதென்று அவள் விரலால் காட்ட வேண்டும். உடம்பில் எந்த இடத்துத் திட்டாவது உணர்ச்சியில்லாமல் இருந்தால், அது தொழுநோயா என்று பரிசோதிக்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை மாத்திரை குடித்தால் அது முழுதாகக் குணமாகும். அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். மகளுடைய திட்டில் தொடுவது நன்றாகத் தெரிந்தால் பெரும்பாலும் அந்தப் பயம் தேவையில்லை, இப்போதைக்கு வாசலின் போதும். மூன்று மாதத்தில் மாறாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள்.