மாஜிஸ்ட்ரேட் போட்ட பிடிவாரண்ட் சில மாதத்தில் தானாகக் காலாவதி ஆகிவிடுமா?

ஆகாது. ஆறு மாதம் கண்ணில் படாமல் இருந்தால் வாரண்ட் செத்துவிடும் என்று நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஏற்காடு டீக்கடையில் எனக்கும் ஒருவர் அதே யோசனையைச் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை.

நான் பிக்கப் ஓட்டுகிறேன். சின்ன விபத்து வழக்கு ஒன்று, சேலத்தில் ஒரு மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில். ஜனவரி வாய்தாவைப் பழைய காலண்டர் அட்டையில் குறித்திருந்தேன். புதுக் காலண்டர் வந்ததும் அந்த அட்டை அடுப்புக்குப் போய்விட்டது. காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வேறு. டவாலி என் பேரை மூன்று முறை கூப்பிட்டபோது நான் மூட்டைகளோடு ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்திருப்பேன்.

சாயங்காலம் வக்கீல் குமாஸ்தா போன் செய்தார். "அண்ணா, உங்க மேல என்.பி.டபிள்யூ., அதான் ஜாமீனில் விடாத பிடிவாரண்ட் ஆயிருச்சு." ஜாமீனில் விடக்கூடிய கேஸ்தானே என்றேன். ஜாமீன் வாங்கியவன் வாய்தாவுக்கு வராவிட்டால் அந்தப் பேச்சே எடுபடாதாம். எனக்கு ஜாமீன் நின்ற மச்சானுக்கும் நோட்டீஸ் போகலாம் என்றதும்தான் வியர்த்தது.

சட்டம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 72-வது பிரிவுப்படி, மாஜிஸ்ட்ரேட் கையெழுத்தும் கோர்ட் முத்திரையும் உள்ள வாரண்ட், ஆளைப் பிடிக்கும் வரை அல்லது போட்ட கோர்ட்டே ரத்து செய்யும் வரை செல்லும். பழைய சட்டத்திலும் இப்படித்தான். இந்தியாவில் எங்கே வைத்தும் பிடிக்கலாம், ஓசூருக்குப் போய் ஒளிந்து பயனில்லை. பிடிக்க வருபவர் வாரண்டில் உள்ள விவரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் வாரண்டைக் காட்ட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்த வேண்டும். ஜாமீன் வாங்கிக்கொண்டு விடலாம் என்று வாரண்டிலேயே எழுதியிருந்தால் ஒழிய, ஸ்டேஷனில் கெஞ்சி ஆகப்போவது எதுவுமில்லை.

மறுநாளே வக்கீலோடு போய், வாரண்டை ரத்து செய்யக் கேட்கும் ரீகால் மனு போட்டேன். "ஏன் வரல?" என்றார் மாஜிஸ்ட்ரேட். காலண்டர் கதையைச் சொன்னேன். நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், எச்சரித்தார், ரத்து செய்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இதோடு முடிந்தது என்று வந்துவிடாதீர்கள். ரத்தான தகவல் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் வரை வாரண்ட் போலீஸ் பைலில்தான் இருக்கும். உத்தரவு நகலைக் கேட்டு வாங்கி நீங்களே ஒன்று கொடுத்துவிடுங்கள். என்னுடைய இன்னொரு நகல் இன்னும் வண்டி டாஷ்போர்டில், ஆர்.சி. புக்கோடு கிடக்கிறது.